முதல் குடம்

எனக்கு இடது காது கேட்காது. அதனால் என்னோடு பேச வருகிறவர்கள் வலது பக்கம் உட்காருவது நல்லது. ஒருமுறை அரியலூர் பஸ்ஸில் ஒருவர் தெரியாமல் இடது பக்கம் உட்கார்ந்து, தன் மகளுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றி அரைமணி நேரம் சொல்லி முடித்திருக்கிறார். கடைசியில் "நீங்க என்ன சொல்றீங்க?" என்று தோளைத் தொட்டபோதுதான் மனிதர் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. "நல்ல எடம், முடிச்சிருங்க" என்றேன். முடித்துவிட்டார். பெண் நன்றாகத்தான் இருக்கிறாளாம். நான் சொன்ன யோசனைகளில் ஒருவருக்கும் கெடுதல் வராமல் முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பாம்புக்குப் பயமில்லை, தவளைக்குப் பயம். சிரிக்காதீர்கள். பாம்பு உங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும். தவளை எங்கிருந்தோ குதித்துப் பிடரியில் உட்காரும். கிணற்றுக்குள் அறுபதடி ஆழத்தில் அது நடந்தால் தெரியும் சங்கதி.

இன்னொன்று, நாக்கு. எந்தத் தண்ணீரை வாயில் வைத்தாலும் அது எந்த மாதிரிக் கிணறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் குடித்தேன். ஒரு கல்யாண வீட்டில் இளவட்டங்கள் நாலு டம்ளரில் நாலு தண்ணீரை வைத்து என்னைச் சோதித்தார்கள். இது ஏரிக்கரைக் கிணறு, இது சுண்ணாம்புப் பாறை, இது மண்டபத்துக் குழாய், இது என் அக்கா வீட்டுத் தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னேன். அக்கா ஊரிலிருந்து கேனில் பிடித்து வந்திருந்தார்கள், பாவிகள். அக்கா கிணற்றுத் தண்ணீர் லேசாகச் சவர்க்கும். அதில் பருப்பு சீக்கிரம் வேகாது. "எழவு தண்ணி" என்று திட்டிக்கொண்டேதான் அக்கா உலையில் ஊற்றுவாள். எனக்கு அந்தத் தண்ணீரில் போட்ட டீ பிடிக்கும்.

அந்தக் கல்யாணம் நான் கூலிக்குத் துளைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது, அப்போது அக்கா கிணற்றில் இன்னும் தண்ணீர் இருந்தது.

நான் சைடு போர் போடுகிறவன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தரையிலிருந்து நேராகக் கீழே துளை போடுவது போர்வெல். அதற்கு லாரி வரும், தெருவே புழுதியாகும், நாலு ஊருக்குத் தெரியும். எங்கள் வேலை வேறு. ஏற்கெனவே வெட்டிய கிணறு வற்றிப்போனால் மிஷினைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, நாங்களும் இறங்கி, அடியில் நின்றுகொண்டு பாறைச் சுவரில் படுக்கைவாட்டில் துளைப்போம். பாறைக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிற ஊற்று அந்தத் துளை வழியாகக் கிணற்றுக்குள் வந்து விழும். மேலே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துளை எவ்வளவு தூரம் போகிறது, யார் நிலத்துக்கு அடியில் போகிறது என்பதெல்லாம் உள்ளே நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலம் பக்கம். அங்கே இந்த வேலைக்கு ஆள் தேவையில்லை, மண் பூமி. அரியலூர் தாண்டி, சிமெண்ட் லாரிகளின் புழுதியையெல்லாம் தின்றுவிட்டு மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் போனால்தான் பாறை. அங்கேதான் எனக்குச் சோறு.

தண்ணீர் இல்லை என்று யாராவது கூப்பிட்டால் உடனே மிஷினை இறக்க மாட்டேன். முதலில் தேங்காய்க்காரர் வந்து போகட்டும் என்று காத்திருப்பேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார், அது எழுந்து நின்றால் அங்கே தண்ணீராம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் வந்து போகாவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு மனசு ஆறாது. அப்புறம் எல்லோரையும் மேலேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் இறங்குவேன். பாறையில் இருக்கிற வெடிப்புகளில் எல்லாம் விபூதியைப் பூசிவிட்டு ஏறிவிடுவேன். மறுநாள் விடிந்ததும் இறங்கிப் பார்த்தால் எந்த வெடிப்பில் விபூதி ஈரமாகிக் கறுத்திருக்கிறதோ அந்தத் திசையில் தண்ணீர். அவ்வளவுதான் வித்தை. பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

"தண்ணி இல்லன்னு எவனும் சொல்லக் கூடாது. இருக்கு. வேற எடத்துல இருக்கு." இது நான் அடிக்கடி சொல்கிற வார்த்தை. நாலு ஊரில் இதை என்னைப் போலவே குரலை இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். நானும் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்வேன். வேறு இடத்தில் இருந்தால் அது வேறு ஒருவருடையது என்பது அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. எவனும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன மாசி மாதம் பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு மாணவி வீட்டுக்கு வந்தாள். உள்ளூர் ஆட்களைப் பேசவைத்துப் படம் எடுக்கிறார்களாம், அப்புறம் சின்னப் புத்தகமும் போடுகிறார்களாம். வாசலில் பிளாஸ்டிக் சேரில் என்னை உட்காரவைத்து, போனை ஒரு குச்சியில் நிறுத்தினாள். என் மகள் அவசர அவசரமாக ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

"சார், மொதல்ல உங்கள நீங்களே அறிமுகப்படுத்திக்குங்க" என்றாள் அந்தப் பெண். இடது காதிலிருந்து ஆரம்பித்தேன். தவளை வரை சொன்னேன். குச்சி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"நீங்க தீர்த்ததுலயே பெரிய பிரச்சன எதுங்க சார்?"

என் முதல் கிணற்றைச் சொன்னேன். கால்மணி நேரம் சொன்னேன்.

"உங்களுக்கு அப்பறம் இந்த ஊருக்கு என்ன விட்டுட்டுப் போறீங்க?"

"தண்ணிம்மா" என்றேன். போனை நேராகப் பார்த்து, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அவளிடம் சொன்ன கதை இதுதான். ஆறு வருடம் இன்னொருவருடைய மிஷினில் கூலிக்குத் துளைத்துவிட்டு அப்போதுதான் சொந்த மிஷின் எடுத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. புது ஆளை நம்பிக் கிணற்றைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. எறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலைவாரி விட்டதும் அக்காதான், பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டியதும் அக்காதான். அவளுக்குப் பக்கத்து வயல்காரர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்டிருந்தார். ஆளுயரம் வந்த கரும்பு. கிணறு கைவிட்டுவிட்டது. அக்கா நேராக அவர் வீட்டு வாசலுக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள்: "என் தம்பி மிஷினு எடுத்துருக்கான். அவனக் கூப்புடுங்க. தண்ணி வரலன்னா என்னக் கேளுங்க."

போனேன். விபூதி கிழக்குச் சுவரில் கறுத்திருந்தது. மிஷினை இறக்கினோம். கிணற்று மேட்டைச் சுற்றி ஊரே நின்றது. அறுபதடி போயும் வெறும் கல்பொடிதான் வந்தது. மேலே நின்றவர்கள் பேசுவது கிணற்றுக்குள் ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். அப்போது எனக்கு இரண்டு காதும் இருந்தது.

"பொடிதான்டா வருது."

"பொடியன் வந்தா பொடிதான் வரும்."

"அக்காக்காரி பேச்சக் கேட்டாரு பாரு, அவரச் சொல்லணும்."

ராடின் மேல் ராடாகக் கோத்துக்கொண்டே போனேன். எழுபது. தொண்ணூறு. கூட வந்த இரண்டு பேரும் போதும் என்று கை காட்டினார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நூற்றுப் பத்தாவது அடியில் மிஷின் ஒரு குலுக்கு குலுக்கியது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து நெஞ்சில் அடித்து என்னை எதிர்ச் சுவரில் தள்ளியது. முட்டியில் தோல் பிய்ந்துவிட்டது. மேலே ஒரே விசில். ஏறி வந்ததும் வயல்காரர் கண் கலங்கி எனக்குத் துண்டு போட்டார். அந்த வருடம் அவர் கரும்பு ஆலைக்குப் போனது. அன்றைக்கு ஆரம்பித்த பேர்தான், அப்புறம் ஒரு நாள்கூட என் மிஷின் சும்மா இருந்ததில்லை.

மாணவி கைதட்டினாள். "செம்ம சார்" என்றாள்.

அவளிடம் சொல்லாதது இரண்டு.

ஒன்று, எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வரப்பைத் தாண்டக் கூடாது. எந்த நிலத்துக்காரன் கூப்பிட்டானோ அவன் வரப்புக்குள்ளேயே துளை முடிய வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் இதில் பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிணற்றிலிருந்து கிழக்கே எழுபதடியில் வயல்காரர் நிலம் முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் என் அக்கா நிலம். அக்கா கிணறு அதற்கும் தள்ளி மறு கோடியில் இருந்தது. 'அவ்வளவு தூரம் கிடக்கிறதே, என்ன ஆகிவிடும்' என்று எழுபதாவது அடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே அத்தனை பேர் நிற்கும்போது, பொடியோடு ஏறிவந்து முகத்தைக் காட்ட முடியாது. தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் அது பொய்.

இன்னொன்று அந்தக் குடம்.

புதிதாக வந்த தண்ணீரில் முதல் குடம் துளைத்தவனுக்கு. அவன் குடிப்பான், இல்லாவிட்டால் கோயிலுக்குக் கொண்டுபோய் ஊற்றுவான், மிஷின் தலையில் ஊற்றுகிறவனும் உண்டு. நான் அதை என் அக்காவுக்குக் கொண்டுபோனேன். சொந்த மிஷினில் வந்த முதல் தண்ணீர். அம்மா வீட்டிலிருந்து அவளுக்குச் சீர் என்று பெரிதாக எதுவும் போனதில்லை, இது போகட்டும் என்று தோன்றியது. வயல்காரர் வீட்டிலேயே பித்தளைக் குடம் வாங்கி நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நடந்தேன். தாகத்தில் உயிர் போயிற்று. ஆனால் சீர் கொண்டுபோகிறவன் அதில் வாய் வைக்கக் கூடாது. வைக்கவில்லை. ஒரே ஒரு வாய் குடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குடத்தை வாங்கினாள். ஒரு டம்ளர் மொண்டு நின்றபடியே குடித்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "நல்லாருக்குடா" என்று சொல்லி என் நெற்றியில் விபூதி வைத்தாள்.

"இருந்து சாப்புட்டுப் போடா."

"இல்லக்கா, இன்னொரு ஊர்ல இருந்து ஆள் வந்து நிக்கிறான். போயிட்டு வரேன்."

பறந்தேன். கால் தரையில் பாவவில்லை.

அடுத்த கோடையில் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. கிணற்றில் தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது, தம்பி வந்து பார்க்கணுமாம். அப்போது அவள் நிலத்தில் சின்ன வெங்காயம். இன்னும் நாலு தண்ணீர் கட்டினால் எடுத்துவிடலாம் என்கிற பருவம். தாளெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது.

இறங்கினேன். அந்தக் கிணற்றின் மேற்குச் சுவரில் ஓர் ஊற்று உண்டு. எந்தக் கோடையிலும் விடாமல் கசிந்துகொண்டிருக்கும். இப்போது அந்த வெடிப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலை விட்டேன், காய்ந்து கிடந்தது. எதற்கோ காதை வைத்தேன். பாறைக்குள்ளிருந்து கட கட கட என்று சத்தம். எனக்கு முதலில் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பக்கத்து வயல்காரரின் மோட்டார் ஓடுகிற சத்தம் என்று தெரிந்தது. அவர் கிணற்றில் ஓடுவது இங்கே கேட்கிறது. நடுவில் வழி இருக்கிறது. வழி போட்டவன் இதோ உட்கார்ந்திருக்கிறேன்.

அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. மேலே அக்கா விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா?"

ஏறி வந்தேன். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"ஊத்து செத்துப்போச்சிக்கா."

"ஊத்து சாவுமாடா?"

"சாவும்."

"சரி, நெழலுக்கு வா. வெயிலு கொளுத்துது" என்றாள்.

அதன்பிறகு அவள் கிணற்றில் மூன்று சைடு போர் போட்டேன். கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. மூன்றிலும் பொடி. மேற்கே மட்டும் போடவில்லை. ஊரார் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், தம்பி எவ்வளவு பாடுபடுகிறான் பார் என்று. அக்கா மூன்று நாளும் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். தண்ணீர் பக்கத்து வயல்காரர் வீட்டிலிருந்து தூக்கி வந்தாள்.

அந்தத் துளையை அடைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கட்டையைச் சீவி, சாக்கு சுற்றி, உள்ளே அடித்து இறுக்கி, மேலே சிமெண்ட்டைப் பூசினால் முடிந்தது. அரை நாள். ஆனால் அதற்கு வயல்காரர் கிணற்றில் இறங்க வேண்டும், இறங்குவதற்கு முன் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். வரப்பைத் தாண்டியவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். என் பேரே அந்தக் கிணற்றிலிருந்துதான் கிளம்பியது. அந்தத் துளையை அடைத்தால் பேரும் அதோடு அடைபட்டுப்போகும். அடுத்த வருடம் பார்க்கலாம், நல்ல மழை பெய்தால் சரியாகிவிடும், அவர் கரும்பை விட்டுவிட்டால் சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமாகத் தள்ளினேன். அடுத்தவன் கிணற்றில் நின்றுகொண்டு ஒரே இரவில் வழி கண்டுபிடிக்கிறவன், இதற்கு மட்டும் வழியே தெரியாதவன் மாதிரி முப்பது வருடம் நடித்தேன். தூ.

மச்சான் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார், ஒருநாள் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் படித்து வெளியூரில் இருக்கிறார்கள். அக்கா அதே பக்கத்து வயல்காரர் கரும்பில் களை பறிக்கப் போனாள், சோகை உரிக்கப் போனாள். சோகை என்றால் கரும்பின் காய்ந்த தோகை, அரிவாள் மாதிரி அறுக்கும். வருடா வருடம் பொங்கல் சீரைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். வெல்லத்தையும் மஞ்சள் கொத்தையும் வாங்கிக்கொள்கிற அந்தக் கைகளில் கோடு கோடாகக் கீறல் இருக்கும். அவள் தண்ணீரில் வளர்ந்த கரும்பு அவளையே அறுத்த கீறல். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சீக்கிரம் கிளம்பிவிடுவேன். "ஏன்டா கால்ல சுடுதண்ணி ஊத்திக்கிட்டே வர?" என்பாள்.

அந்தத் தண்ணீரும் நிலைக்கவில்லை. சுற்றிலும் ஆயிரம் அடி போர்வெல் வந்தது. வயல்காரர் கிணறும் வற்றிவிட்டது. கரும்பு போய், மழை பெய்தால் மக்காச்சோளம் என்றாகிவிட்டது. இப்போது இரண்டு கிணறும் காய்ந்து கிடக்கின்றன. நடுவில் பாறைக்குள் என் துளை மட்டும் நூற்றுப் பத்தடிக்கு அப்படியே இருக்கிறது. நான் செத்தாலும் இருக்கும். என்ன விட்டுவிட்டுப் போகிறாய் என்று கேட்டால் நியாயமாக அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பிரச்சினையைத் தீர்க்கிறவன் என்று என்னை ஊர் சொல்கிறது. நான் ஒன்றையும் தீர்க்கவில்லை. ஒருவர் தலையிலிருந்து எடுத்து இன்னொருவர் தலையில் வைத்தேன். யார் தலை என்று பார்க்காத வரைக்கும் அது கெட்டிக்காரத்தனம். மற்ற ஊர்களில் அந்த இன்னொருவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் தெரிந்தது. அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

மாணவி எடுத்த படம் போன் போனாகச் சுற்றியது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணும் கூப்பிட்டாள். புத்தகத்தில் என் போட்டோவுக்குக் கீழே போட ஒரு வரி வேண்டுமாம், நீங்களே உங்களைப் பற்றி யோசித்துச் சொல்லுங்கள் சார் என்றாள். சொல்கிறேன் என்றேன். மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

"ஒருதடவ வந்துட்டுப் போடா."

"என்னக்கா, ஒடம்பு முடியலயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வா."

காலை பஸ்ஸுக்கே கிளம்பினேன். அரியலூர், பெரம்பலூர், அங்கிருந்து எறையூர்ப் பஸ். போய்ச் சேரும்போது உச்சி வெயில். அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் அவள் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கிணற்று மேட்டில் ஆடு விழுந்துவிடாமல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தாள்.

என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அவள் மறக்க மாட்டாள். காது போனதுகூட அவளுக்குத்தான் முதலில் தெரியும். நான் சொல்லவில்லை, கூப்பிட்டு நான் திரும்பாததைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"வீடியோ பாத்தேன்டா. பக்கத்து வூட்டுப் புள்ள காட்டுச்சி. சட்ட எடுப்பா இருந்துச்சி."

"ம்."

"நல்லாத்தான் பேசுன. எங்க ஊரச் சொன்ன, கெணத்தச் சொன்ன, அவரு துண்டு போட்டதச் சொன்ன. எனக்குக் கொடம் கொண்டாந்து குடுத்தத மட்டும் சொல்லல."

"மறந்துட்டேன்க்கா."

"நான் மறக்கல" என்றாள். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஒரு டம்ளரு குடிச்சேன்ல. நாக்குல பட்டதுமே தெரிஞ்சிபோச்சி. அது என் கெணத்துத் தண்ணிடா. பருப்பு வேவாத தண்ணி. தெனம் குடிக்கிறவளுக்குத் தெரியாதா?"

நாக்கை வைத்துக் கிணற்றைச் சொல்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் ஏன்க்கா நல்லாருக்குன்னு சொன்ன?"

"தலையோட காலா நனஞ்சி நிக்கிற. முட்டியில ரத்தம். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. மொத வேல. வேற என்னடா சொல்லச் சொல்ற?"

"அன்னிக்கி வேணாம், அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல? அடுத்த வருஷம் கெணத்துல எறங்கிப் பாத்தேனே."

"அன்னிக்கி நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"மேல நின்னு பாத்துக்கிட்டேதான இருந்தேன். செவுத்துல காத வச்சிக் கேட்ட. ஒக்காந்துட்ட. சரி, ஏறி வந்து சொல்லப்போறான், நாம என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டு நின்னேன். பரவால்லடான்னு சொல்லலாம்னு கூட நெனச்சேன். ஊத்து செத்துப்போச்சின்ன. செரி, இவன் சொல்ல மாட்டான்னு வுட்டுட்டேன்."

அழுகை வந்தது. இந்த வயதில் அக்கா முன்னால் அழுதேன், வெட்கமில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா அடச்சிருப்பேன்க்கா" என்றேன்.

"அடச்சிருப்பியா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். இத்தனை வருடமும் அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள், நிம்மதியாக இருப்பாள். வாயைத் திறந்தேன். வரவில்லை. முன்பு பொய் சொன்ன அதே வாய்தான், இப்போது மட்டும் வரவில்லை.

அவள் முட்டியில் கையூன்றி எழுந்தாள்.

"இரு, டீ போடறேன். மூணு மணிக்குப் பஸ்ஸு."

அடுப்பங்கரையில் கேனைச் சாய்த்துப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. டீ கொண்டு வந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். கேன் தண்ணீருக்கு ஏது ருசி. சூடு மட்டும் தெரிந்தது.

"நல்லாருக்கா?" என்றாள்.

"நல்லாருக்குக்கா" என்றேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்த மாணவி கூப்பிட்டாள். புத்தகம் அச்சுக்குப் போகிறதாம், எல்லாரும் கொடுத்துவிட்டார்களாம், உங்கள் வரி மட்டும்தான் பாக்கி சார் என்றாள்.

"எழுதிக்கம்மா" என்றேன். "அக்கா கெணத்துத் தண்ணியத் திருடி, அதையே அக்காவுக்குச் சீராக் குடுத்தவரு."

குச்சி ஆடிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. "ஐயோ சார், நீங்க பேசுனாலே காமெடிதான். சீரியஸா ஒண்ணு சொல்லுங்க சார்."

"சீரியஸாதாம்மா சொல்றேன்."

"சார், ப்ளீஸ் சார். நேரமில்ல. தண்ணி இல்லன்னு எவனும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதப் போட்டுக்கவா? அது சூப்பரா இருக்கும் சார்."

போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டேன். பஸ் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.